போன ஓட்டம் திரும்பியாக வேண்டும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலும் அதையடுத்தும் அமைந்த சம்மாந்துறை, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் வட்டைகளில் விளையும் வெள்ளாமைக்குப் பெருமளவு நீர் தருவது, பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் உருவான சேனநாயக்க சமுத்திரமாகும். அந்த நீர் வாய்க்கால்களில் இறங்குவதற்கு முன்னர், இங்கினியாகலையில் அணையடியிலுள்ள மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றி, ஏறத்தாழ 11 மெகாவாற்று வரையான மின்வலுவைப் பிறப்பிக்கிறது. 1963 முதல் இயங்கிவரும் இந்நிலையத்தில் பாசனத்துக்கே முதலிடம் என்பதால், வயலுக்கு எவ்வளவு நீர் திறக்கப்படுகிறதோ அதைப் பொறுத்தே மின்னும் பிறக்கிறது. ஆனால் அணையிலிருந்து ஒன்றாகப் புறப்படும் இவ்விரண்டும் ஒரு முக்கியமான விடயத்தில் முற்றாக வேறுபடுகின்றன. வட்டைக்கு வந்த நீர் அணைக்குத் திரும்புவதில்லை. பயிர் குடித்தது போக எஞ்சியது களப்பிலும் கடலிலும் சேர்கிறது. மின்னோட்டமோ புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப ஒரு வழி இருந்தால் மட்டுமே ஓடும். அவ்வழி இல்லையெனில் புறப்படவே மாட்டாது.

மின்குமிழோ விசிறியோ தன்னிடம் வரும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை வெளியே விடுகிறது என்னும் எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி, ஓமின் விதியைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவரிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. எளிய சுற்றொன்றில் மின்குமிழுக்கு முன்னால் ஓர் அம்பியர்மானியையும் பின்னால் இன்னொன்றையும் இணைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே அளவையே காட்டும் என்பது பத்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய சோதனையாகும். ஓட்டம் எங்கும் செலவாவதில்லை; அது சுமந்து வந்து கொடுக்கும் சக்தி மட்டுமே செலவாகிறது. இந்த ஒன்று மனத்தில் உறுதியாகிவிட்டால், பாடசாலை மின்னியலில் எஞ்சியவை பெரும்பாலும் கணக்கு வழக்குகளே.

மின்னோட்டம் என்பது ஏற்றங்களின் பாய்ச்சலாகும். செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் ஒவ்வோர் அணுவும் தன் வெளிப்புற இலத்திரன்களில் ஒன்றையோ சிலவற்றையோ பொதுவில் விட்டுவிடுவதால், அவை உலோகம் முழுவதும் அலைந்து திரிகின்றன. இத்தகைய பொருள்கள் கடத்திகள் எனப்படுகின்றன. பிளாத்திக்கு, பீங்கான், உலர்ந்த மரம் ஆகியவற்றில் இலத்திரன்கள் தத்தம் அணுக்களிலேயே கட்டுண்டு கிடப்பதால் அவை காவலிகள் எனப்படுகின்றன. கம்பியின் ஓர் இடத்தை ஒரு செக்கனில் ஒரு கூலோம் ஏற்றம், அதாவது ஏறத்தாழ 62,400 கோடி கோடி இலத்திரன்கள் கடந்து சென்றால், அங்கே ஓடுவது ஓர் அம்பியர் ஓட்டமாகும். எண்ணிக்கை இவ்வளவு பெரிதாயினும் வேகம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 1.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் 4 அம்பியர் நேரோட்டம் செல்லும்போது, இலத்திரன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தூரமே நகர்கின்றன. ஒரு மீற்றரைக் கடக்க அவற்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் வேண்டும். ஆளியைப் போட்டவுடன் மின்குமிழ் எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் ஏற்கெனவே இலத்திரன்கள் நிறைந்திருப்பதும், அவற்றை நகர்த்தும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்றெங்கும் பரவிவிடுவதுமேயாகும்.

வீட்டுக்கு வரும் மின் நேரோட்டமுமன்று. ஒரு செக்கனில் 50 முறை முன்னும் பின்னும் திசை மாறும் ஆடலோட்டமே இலங்கையில் வழங்கப்படுகிறது. மேலே சொன்ன கம்பியில் அதே 4 அம்பியர் ஆடலோட்டமாகச் செல்லும்போது, ஓர் இலத்திரன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவான எல்லைக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இங்கினியாகலையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓர் இலத்திரன்கூட வந்து சேர்வதில்லை. வீட்டுக் கம்பியில் ஆடுபவை அந்தக் கம்பிக்கே உரியவை. அணையடியில் பிறப்பிக்கப்படும் மின் கரையோர ஊர்களுக்கென்று தனியே ஒதுக்கப்படுவதுமில்லை. லக்சபானை, விக்டோரியா, நுரைச்சோலை முதலிய நிலையங்களின் மின்னோடு அதுவும் நாடு முழுவதையும் இணைக்கும் ஒரே வலையமைப்பில் கலந்துவிடுகிறது. அவ்வாறு இணைந்திருப்பதன் பலனும் பாதகமும் எல்லோருக்கும் பொதுவானவை. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கொன்று நிலைமாற்றியில் பட்டதே காரணம் என்று அரசு அறிவித்த மின்தடையில், மேற்குக் கரையில் நிகழ்ந்த ஒரு கோளாறு கிழக்குக் கரை உட்பட நாடு முழுவதையும் இருளாக்கியது.

இலத்திரன்களை நகர்த்துவது அழுத்த வேறுபாடு. இதை விளக்க வாய்க்கால் நீரையே எடுத்துக்கொள்ளலாம். வாய்க்காலின் தலைப்பும் கடைமடையும் ஒரே மட்டத்தில் இருந்தால் நீர் அசையாமல் நிற்கும். மட்ட வேறுபாடு கூடக்கூட ஓட்டம் கூடும். புல் மண்டிக் குறுகிய வாய்க்காலில் அதே மட்ட வேறுபாடு குறைந்த ஓட்டத்தையே தரும். மட்ட வேறுபாட்டின் இடத்தில் அழுத்த வேறுபாட்டையும், வாய்க்காலின் இடுக்கத்தின் இடத்தில் தடையையும் வைத்துக்கொண்டால் பாடம் விளங்கிவிடும். ஆனால் இந்த ஒப்புமையை அளவோடுதான் நம்ப வேண்டும். வாய்க்கால் உடைந்தால் நீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தால் எதுவும் கொட்டாது, ஓட்டம் முழுச் சுற்றிலும் ஒரே கணத்தில் நின்றுவிடும். அழுத்த வேறுபாட்டின் அலகாகிய வோல்ற்று என்பது ஒவ்வொரு கூலோம் ஏற்றமும் இரு புள்ளிகளுக்கிடையே கொடுக்கும் சக்தியைக் குறிப்பதாகும். வீட்டின் 230 வோல்ற்று வழங்கலில், உயிர்க்கம்பிக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையே கடக்கும் ஒவ்வொரு கூலோமும் 230 யூல் சக்தியைக் கையளித்துவிட்டுச் செல்கிறது.

அழுத்த வேறுபாடு, ஓட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜோர்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் பாடசாலை ஆசிரியர்களுள் ஒருவர். அலெசாண்ட்ரோ வோல்டா 1800-இல் அறிமுகப்படுத்திய மின்கல அடுக்கு சிறிது நேரத்திலேயே தளர்ந்து, அளவீடுகளைக் குழப்பியதால், ஓம் அதைக் கைவிட்டு, இரு வேறு உலோகங்களின் சந்திப்புகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து நிலையான மின்னியக்க விசையைப் பெறும் வெப்ப இணையைப் பயன்படுத்தினார். அவர் கண்டது இதுதான்: வெப்பநிலை மாறாதிருக்கும் ஓர் உலோகக் கடத்தியில் ஓடும் ஓட்டம், அதன் முனைகளுக்கிடையிலுள்ள அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதசமமானது. சொந்த நாட்டில் நூல் ஆறிய வரவேற்பையே பெற்றது. இலண்டன் வேத்தியல் கழகம் 1841-இல் கொப்ளிப் பதக்கம் வழங்கிய பின்னரே அவர் பெயர் ஓங்கியது. இன்று அந்த விதி முக்கோணம் ஒன்றுக்குள் மூன்று எழுத்துகளாக அடைக்கப்பட்டு மனனம் செய்யப்படுகிறது. வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அந்த முக்கோணத்துக்குள் அடங்காமல் போனது ஒரு குறையே. சூடேறிய தங்குதன் இழையின் தடை, குளிர்ந்த இழையின் தடையைப் போலப் பல மடங்காகும். பழைய குண்டு பல்ப்புகள் பெரும்பாலும் ஆளியைப் போடும் அந்தக் கணத்திலேயே எரிந்துபோனதில் இதற்கும் பங்குண்டு.

ஒரு செக்கனில் கையளிக்கப்படும் சக்தியே வலு. அதன் அலகு வாற்று. அழுத்த வேறுபாட்டை ஓட்டத்தால் பெருக்கினால் வலு கிடைக்கும். 2000 வாற்றுக் கேத்தல் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியரையும், 1000 வாற்று மின்னழுத்தி 4.3 அம்பியரையும், 9 வாற்று எல்ஈடி மின்குமிழ் 0.04 அம்பியரையும் எடுக்கின்றன. மின்பட்டியலில் யூனிட் என்று குறிக்கப்படுவது 1000 வாற்று வலு ஒரு மணித்தியாலம் பயன்படும்போது செலவாகும் சக்தி, அதாவது 36 இலட்சம் யூல். அரை மணி நேரம் கொதிக்கும் கேத்தலும், 13 மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகச் சுழலும் 75 வாற்று விசிறியும் செலவிடுவது ஒரே யூனிட்தான். வந்த ஓட்டமெல்லாம் திரும்பிச் சென்றுவிடுவதால், காசு கொடுப்பது ஓட்டத்துக்கு அன்று, அது விட்டுச் சென்ற சக்திக்கே.

கம்பிகளுக்கும் தடை உண்டு என்பதால், வழியிலேயே சிறிது சக்தி வெப்பமாக வீணாகிறது. இவ்விழப்பு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்று ஜேம்ஸ் யூல் 1840-களின் தொடக்கத்தில் காட்டினார். ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். 100 கிலோவாற்று வலுவை 230 வோல்ற்றில் அனுப்ப ஏறத்தாழ 435 அம்பியர் வேண்டும்; அதையே 33,000 வோல்ற்றில் அனுப்ப 3 அம்பியர் போதும். எளிமைக்காக ஒற்றைக் கட்டச் சுற்றாகக் கொண்டு, அதே கம்பியில் கணித்தால், இழப்பு இருபதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மாவட்டங்களுக்கிடையில் 132,000 வோல்ற்றிலும் ஊர்களுக்கிடையில் 33,000 வோல்ற்றிலும் மின் அனுப்பப்பட்டு, தெருமுனைத் தூணிலிருக்கும் ட்ரான்ஸ்போமர் எனப்படும் நிலைமாற்றியில் மட்டும் வீட்டுக்குரிய அளவுக்கு இறக்கப்படுவது இதனால்தான். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்னைத் தூண்டும் என்று மைக்கேல் பரடே 1831-இல் கண்டறிந்த தத்துவத்திலேயே நிலைமாற்றி இயங்குவதால், மாறாத நேரோட்டத்தில் அது வேலை செய்யாது. உலகெங்கும் ஆடலோட்டம் நிலைபெற்றதற்கு இதுவே பெருங்காரணமாயிற்று.

சுற்றில் கருவிகளை இணைக்கும் இரு முறைகளையும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவிலோ கரையோர ஊர்களின் கலியாண வீடுகளிலோ கட்டப்படும் அலங்கார விளக்குகளில் அருகருகே காணலாம். சீரியல் பல்ப் எனப்படும் பழைய வகைச் சரங்களில் சிறு மின்குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்நிலையில் இணைக்கப்பட்டிருக்கும். 6 வோல்ற்றுக்கு ஆக்கப்பட்ட 38 குமிழ்களைக் கோத்தால் 230 வோல்ற்று அவற்றுக்கிடையே பகிரப்பட்டுவிடும். எல்லாவற்றினூடாகவும் ஓடுவது ஒரே ஓட்டம் என்பதால் ஒரு குமிழின் இழை அறுந்தால் சரம் முழுவதும் அணையும். அணைந்த சரம் ஆபத்தற்றது என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் இங்குண்டு. ஓட்டம் நின்றுவிட்டபடியால் நல்ல குமிழ்களில் அழுத்த வீழ்ச்சி எதுவும் இராது. ஆகவே வழங்கலின் 230 வோல்ற்று முழுவதும் அறுந்த குமிழின் இரு முனைகளுக்கிடையே வந்து நிற்கும். மின்னைத் துண்டிக்காமல் அதைக் கழற்ற முற்படும் விரல், 6 வோல்ற்றை அன்று, 230 வோல்ற்றையே சந்திக்க நேரிடும்.

வீட்டு மின்சுற்றுகள் சமாந்தரமாக அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவியும் உயிர்க்கம்பிக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையே நேரடியாக நிற்பதால், ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ற்று கிடைப்பதோடு, ஒன்றை அணைப்பதால் மற்றது பாதிக்கப்படுவதுமில்லை. ஆனால் ஓட்டங்கள் கூடிக்கொண்டே போகும். 5 அம்பியருக்கு ஆக்கப்பட்ட பலமுனைச் செருகியொன்றில் கேத்தலையும் மின்னழுத்தியையும் சேர்த்துச் செருகினால், அது 13 அம்பியரைத் தாங்க வேண்டியிருக்கும். சந்தியொன்றில் வந்து சேரும் ஓட்டங்களின் கூட்டுத்தொகை வெளியேறும் ஓட்டங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்று குஸ்டாவ் கிர்ச்சொவ் 1845-இல் விதியாக எழுதியது இந்தக் கணக்கையே. கடற்காற்றுப் படும் ஊர்களில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பேறிப் பச்சை பூத்த இணைப்புகளிலும் தளர்ந்த திருகாணிகளிலும் தடை கூடுகிறது. கேத்தலின் ஓட்டம் செல்லும் வழியில் அரை ஓம் தடையுள்ள கெட்ட இணைப்பொன்று இருந்தால், அந்தச் சிறு புள்ளியில் மட்டும் 38 வாற்று வெப்பம் பிறந்துகொண்டிருக்கும். செருகி மூடி கருகி மஞ்சளாவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஓட்டம் எல்லையை மீறாததால் பியூஸ் இதை அறியாது.

பியூஸ் எனப்படும் உருகியும், அதன் இடத்தை இன்று பிடித்துள்ள சிற்றுருவச் சுற்றுடைப்பானும் ஓட்டம் மிகையாகும்போது சுற்றைத் துண்டித்து, கம்பியைத் தீயிலிருந்து காப்பவை; மனித உயிரைக் காப்பதற்கு ஆக்கப்பட்டவை அல்ல. அந்த வேலையைச் செய்வது, வீட்டுக்காரர் ட்ரிப் சுவிட்ச் என்று அழைக்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான். அதன் அமைப்பு, ஓட்டம் செலவாவதில்லை என்னும் விதியையே நம்பிக் கட்டப்பட்டது. வீட்டுக்குள் செல்லும் உயிர்க்கம்பியும் திரும்பி வரும் நொதுமல் கம்பியும் வளைய வடிவான ஒரு காந்த அகணியினூடாகச் செல்கின்றன. போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் சமமாகவும் எதிர்த்திசையிலும் இருப்பதால், அவை உண்டாக்கும் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அகணி எதையும் உணராது. ஈரச் சுவரினூடாகவோ, பழுதான சலவை இயந்திரத்தைத் தொட்டவரின் உடலினூடாகவோ ஓட்டத்தின் சிறு பகுதி மண் வழியே வேறு பாதையில் திரும்பிவிட்டால், கணக்கு உதைக்கும். எஞ்சிய காந்தப்புலம் அகணியில் சுற்றப்பட்ட மூன்றாவது சுருளில் மின்னைத் தூண்ட, பொறி விடுபட்டு, செக்கனின் சிறு பின்னத்துக்குள் சுற்று அறுகிறது. மக்களைக் காக்கப் பொருத்தப்படும் வகைகளுக்கு 30 மில்லி அம்பியர் வேறுபாடே போதும். கேத்தல் எடுக்கும் ஓட்டத்தில் அது ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கே. முகப்பிலுள்ள சோதனைப் பொத்தான், ஒரு தடையியினூடாகச் சிறிது ஓட்டத்தை அகணியைத் தவிர்த்து அனுப்பி, அதே வேறுபாட்டைச் செயற்கையாக உண்டாக்குகிறது.

மாரி காலத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்துக் கம்பியை நேரே கொடுக்கச் சொல்லும் வழக்கம் மிக ஆபத்தானது. மழைநாளில் அது விழுவது, மின் எங்கோ கசிகிறது என்று சரியாகவே சொல்வதாகும். அதேவேளை அதனால் இயலாத ஒன்றும் உண்டு: ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறு கையால் நொதுமல் கம்பியையும் பிடித்தவரினூடாகச் செல்லும் ஓட்டம் முறையாகவே திரும்பிவிடுவதால், அம்மனிதரை மின்குமிழிலிருந்து பிரித்தறிய அந்தப் பொறிக்கு வழியில்லை.

ஒரே கம்பியைத் தொட்டாலும் மின் தாக்குவது ஏன் என்னும் கேள்விக்கு விடை ட்ரான்ஸ்போமரின் அடியில் இருக்கிறது. அங்கே நொதுமல் கம்பி மண்ணோடு இணைக்கப்பட்டுள்ளதால், உயிர்க்கம்பியைத் தொட்டபடி நிலத்தில் நிற்பவருக்கு நிலமே திரும்பும் வழியாகிவிடுகிறது. இரு கால்களையும் ஒரே கம்பியில் வைத்திருக்கும் காகத்துக்கு அந்த வழி இல்லை. ஈரத் தோலுடைய உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால் 230 மில்லி அம்பியர் ஓடும். இதயத் துடிப்பைக் குலைக்க அதைவிட மிகக் குறைவே போதும். கருவிகளின் உலோக உறையை மண்ணோடு இணைக்கும் புவிக்கம்பியின் நோக்கம், உறையில் மின் ஏறினால் அதற்கு எளிய திரும்பும் வழியைத் தருவதாகும். இலங்கை வீடுகளில் இதற்கெனப் பொதுவாக வீட்டு வளவிலேயே உலோகக் கோலொன்று புதைக்கப்படுகிறது. அக்கரைப்பற்றுப் போன்ற கரையோர மணல் நிலத்தில் இங்குதான் சிக்கல். உலர்ந்த மணல் மின்னைக் கடத்துவதில் மிக மந்தமானது. கோலின் தடை 50 ஓம் என்று வைத்தாலும், பழுதடைந்த உறையிலிருந்து மண்ணுக்குச் செல்வது 5 அம்பியருக்கும் குறைவான ஓட்டமே. 30 அம்பியர் உருகி அதைப் பொருட்படுத்தாது. உறை ஏறத்தாழ முழு 230 வோல்ற்றில் நின்றுகொண்டே இருக்கும். அதே ஓட்டம் ட்ரிப் சுவிட்ச்சுக்கோ அதன் எல்லையைப் போல ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு. எனவே மணற்பாங்கான ஊரில் புவிக்கோல் ஈரம் வற்றாத ஆழம் வரை இறங்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச்சும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

திரும்பும் வழி மண்ணாக அமையும் இன்னொரு சுற்று, மாவட்டத்தின் உட்பகுதி வட்டைகளின் ஓரத்தில் யானைகளைத் தடுக்கப் போடப்படும் மின்வேலி. முறையான வேலியின் விசையூட்டி, கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தை ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு முறை, செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு மட்டும் கொடுக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள சக்தி சில யூல் மட்டுமே என்பதால், யானைக்கு வலி உண்டாகும், உயிர் போகாது. இரு துடிப்புகளுக்கிடையே விலகிச் செல்லவும் நேரம் கிடைக்கிறது. வீட்டு இணைப்பிலிருந்து களவாக 230 வோல்ற்றை வேலிக்குக் கொடுப்போர் வோல்ற்று குறைவுதானே என்று எண்ணிவிடுகின்றனர். அந்த ஓட்டத்துக்கு இடைவெளியும் இல்லை, சக்திக்கு எல்லையும் இல்லை. தசைகள் இறுகிப் பிடிக்க, தொட்டவர் கையை எடுக்க முடியாமலே போகலாம். யானைகளோடு மனிதரும் அத்தகைய கம்பிகளில் மடிகின்றனர். முறையான வேலியும் கோடையில் மண் வறண்டதும் வலுவிழக்கிறது. யானையின் காலிலிருந்து விசையூட்டியின் புவிக்கோல் வரையான பாதையின் தடை கூடிவிடுவதே காரணம். அதனால் வறண்ட பகுதிகளுக்கான வேலிகளில் ஒரு கம்பியை விசையூட்டியின் மின்முனையோடும் அடுத்ததைப் புவிமுனையோடும் மாறி மாறி இணைக்கின்றனர். இரு கம்பிகளையும் ஒருசேரத் தொடும் துதிக்கையினூடாகவே சுற்று பூர்த்தியாகிவிட, மண்ணின் ஈரம் அங்கே தேவைப்படுவதில்லை.